டேங்க் பேக்: கொள்ளளவு கடைசிக் கேள்வி

டேங்க் பேக் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்பதைத்தான். விற்கிறவர்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள்: 8 லிட்டர், 15 லிட்டர், ஜிப்பைத் திறந்து விரித்தால் 22 லிட்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பெரியதை எடுப்பதே லாபம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. டேங்க் எதனால் ஆனது, அதில் பை எப்படிப் பிடித்து நிற்கும் என்பது முதலில் வர வேண்டும். அதன்பின் ஹேண்டில்பார் திரும்பத் தேவையான இடம், ஓட்டுகிறவரின் உடம்பு, பைக்குள் போகப்போகும் பொருள். இவை அத்தனையும் விட்டுவைக்கும் இடத்தின் அளவுதான் லிட்டர். இந்த வரிசையில் யோசித்தால் பெரும்பாலானவர்களுக்கு, அவர்கள் வாங்க நினைத்ததைவிடச் சிறிய பைதான் பொருத்தமாக அமையும்.

டேங்க் மேல் சுமை வைப்பதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. வண்டியின் நீளவாக்கில் டேங்க் இருப்பது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வீல்பேஸ் 1,465 மில்லிமீட்டர். பின்சக்கர அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் டாப் பாக்ஸ் மாட்டி அதில் 8 கிலோ வைத்தால், நெம்புகோல் கணக்குப்படி முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே குறைகிறது. பின்சக்கரத்தின் மேல் 9 கிலோ ஏறுகிறது. அதே 8 கிலோ டேங்க் மேல் இருந்தால் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். முன்சக்கரம் லேசாகாது, வளைவில் வண்டியின் போக்கும் அதிகம் மாறாது. முதுகுப் பையோடு ஒப்பிட்டாலும் டேங்க் பேக்தான் மேல்: நாள் முழுவதும் தோளும் கழுத்தும் தாங்க வேண்டிய சுமையை வண்டி தாங்குகிறது, கீழே விழுந்தால் முதுகெலும்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கெட்டியான பொருள் எதுவும் சிக்காது. ஆனால் நீளவாக்கில் சரியாக அமைந்த இடம் உயரவாக்கில் அப்படி அமையவில்லை. ஹிமாலயன் 411இன் சீட் உயரமே 800 மில்லிமீட்டர். டேங்கின் முகடு அதற்கும் மேலே. நிரம்பிய பையின் எடை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். பேனியரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் பொருளைவிட, அதே பொருள் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், வண்டி சாயும்போது ஏறக்குறைய இரு மடங்கு வலுவோடு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது இது தெரியாது. நெரிசலில் காலூன்றும்போதும் சரளைக் கல்லில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போதும் தெரியும். 15 லிட்டர் டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டுமே 11 கிலோ. அதற்கும் மேலே இன்னொரு 8 கிலோவை ஏற்றுவது, குட்டையான ஓட்டுநருக்கு வண்டி கைமீறிச் சரியும் புள்ளியை நெருங்கவைக்கும்.

எடையைவிட அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டியது பிடிமானம். பையின் மேல் எவ்வளவு விசை வேலை செய்கிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். 30 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பை, கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லாத வண்டியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்க்காற்று அதை ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னால் தள்ளும். 120இல் அது 4 கிலோ. ஏனென்றால் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. பிரேக் பிடிக்கும்போது திசை மாறுகிறது. நல்ல தார்ச்சாலையில் அழுத்திப் பிடித்தால், 5 கிலோ எடையுள்ள பை 4 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். லாரி கடந்து போகும்போது வரும் பக்கக்காற்று இரண்டுக்கும் குறுக்கே தள்ளும். ஆக, ஒரு பையின் பிடிமானம் மூன்று திசைகளிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். காந்தப் பையின் விளம்பரத்தில் சொல்லப்படும் இழுவிசை நான்காவது திசைக்கு உரியது: தகட்டிலிருந்து செங்குத்தாகப் பிரித்தெடுக்கத் தேவையான விசை. பக்கவாட்டில் வழுக்காமல் நிறுத்துவது உராய்வு மட்டுமே, அது அந்த எண்ணில் பாதிக்கும் குறைவு. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பையின் துணி, டேங்கின் பெயின்ட், ஒட்டிய பாதுகாப்புப் படலம் எல்லாம் சேர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இழுவிசை வேகமாகக் குறைகிறது. காந்தம் போதாது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. சிறிய, எடை குறைந்த பைக்கு அது தாராளமாகப் போதும். அதே காந்தத்தை நம்பி 20 லிட்டர் பையை நிரப்புவதுதான் தவறு.

காந்தம் ஒட்ட வேண்டுமென்றால் டேங்க் இரும்பாக இருக்க வேண்டும். ஹிமாலயன் 411இலும் ஸ்க்ரேம் 411இலும் அது இரும்புதான். இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பயண வண்டிகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டுகாட்டி பானிகாலே வி4இன் டேங்க் அலுமினியம். பிஎம்டபிள்யூ எஃப் 800 ஜிஎஸ்ஸின் பழைய தலைமுறையில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டேங்க் போலத் தெரியும் மேல்பகுதி வெறும் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் காற்று வடிகட்டி. இந்த வண்டிகளில் காந்தப் பையை வைத்தால் அது வெறுமனே அமர்ந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது வரும் பல வண்டிகளில் டேங்கின் நடுமுதுகு இரும்பாகவும் இரு பக்கங்களும் பிளாஸ்டிக்காகவும் இருப்பதால், இறக்கைபோல விரியும் காந்தப் பட்டைகள் விழும் இடத்தில் இரும்பு இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு சிறு காந்தத்தை டேங்க் முழுக்க நகர்த்திப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உறிஞ்சு கப் வைத்த பைகள் விற்கிறார்கள். வழவழப்பான, தூசியில்லாத, குளிர்ந்த பரப்பில் அவை பிடிக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்கில் இந்த மூன்றில் எதுவும் இருக்காது என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காந்தத்துக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளில் சில காலாவதியானவை, சில உண்மையானவை. வங்கி அட்டை கெட்டுவிடும் என்பது ஒன்று. காந்தப் பட்டை மட்டும் இருந்த அட்டைகளுக்கு அது நியாயமான பயம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2018ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் சிப் அட்டைகளுக்கு மாறிவிட்டோம், சிப்புக்குக் காந்தத்தால் கேடு இல்லை. விடுதி அறைச் சாவியாகத் தரப்படும் பட்டை அட்டைக்கு மட்டும் அந்தப் பயம் இன்னும் செல்லும். பெயின்ட் கீறும் என்பது உண்மையான குறை. கீறுவது காந்தம் அல்ல, காந்தத்தின் கீழே சேரும் துகள். சாலைத் தூசியில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புப் பொடி கலந்திருக்கிறது. காந்தம் அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இது இன்னும் கூடும். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் நிறுவனம் கடல் மணலிலிருந்து இல்மனைட்டைப் பிரிப்பதற்குப் பயன்படுத்துவதே காந்தத்தைத்தான். அந்தக் கருமணல் கெட்டியானது. கடற்கரையில் பையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு அப்படியே திரும்ப டேங்க் மேல் வைத்தால், உப்புத்தாளால் தேய்த்ததுபோல் ஆகிவிடும். ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் கீறல் படலத்தோடு நிற்கும், துகள் சேர்வது நிற்காது. ஆகவே ஒவ்வொரு முறை வைக்கும் முன்னும் டேங்கையும் பையின் அடியையும் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் வராது என்று தெரிந்தவர்கள் காந்தத்தைத் தவிர்த்துவிடலாம். மூன்றாவது குறையைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான் மிகப் பெரியது. இதயத்தில் பேஸ்மேக்கரோ ஷாக் தரும் கருவியோ பொருத்தப்பட்டவர்கள் வலுவான காந்தத்தைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. வேக வண்டியில் குனிந்து ஓட்டும்போதோ பையை மார்போடு அணைத்துத் தூக்கிப் போகும்போதோ அந்த இடைவெளி இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குக் காந்தப் பை வேண்டவே வேண்டாம்.

பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் ஒரு வளையத்தைப் பொருத்தி, பையின் அடியில் உள்ள பூட்டை அதில் சொடுக்கி மாட்டும் முறை இன்னொன்று. இத்தாலியின் கிவியும் ஜெர்மனியின் எஸ்டபிள்யூ-மோட்டெக்கும் இதைப் பரவலாக்கின. என் பார்வையில், டேங்க் பேக்கை அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு இதுவே சிறந்த முறை. டேங்க் என்ன உலோகம் என்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. பை பெயின்டைத் தொடாமல் மிதப்பதால் கீறலும் இல்லை. பங்கில் ஒரு கையால் கழற்றி மறுபடி அதே இடத்தில் மாட்டலாம். எதிர்ப்புகளும் உண்டு. விலை அதிகம், வளையத்துக்கும் பைக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வளையம் வண்டிக்கு வண்டி வேறு; போல்ட் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்த வேண்டும், திருகி எடுக்கும் மூடி உள்ள பழைய புல்லட்டுகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. மூடியின் போல்ட்டைக் கழற்றும்போது அது டேங்குக்குள் விழுந்துவிடாமல் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். பை உயரமாக நிற்கும் என்ற குறையும் நியாயமானதே. இதையெல்லாம்விட என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது, இந்த வளையங்களைச் செய்கிறவர்களே அதில் ஏற்றக்கூடிய எடைக்குச் சில கிலோ வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பது. மிக உறுதியான பிடிமானத்துக்கே அதுதான் எல்லை என்றால், பெரிய கொள்ளளவு நிரப்புவதற்காக அல்ல என்பது தெளிவு.

வார் கட்டும் முறை பழையது என்று ஒதுக்கப்படுகிறது. எந்த டேங்குக்கும் பொருந்தும், விலை குறைவு, பக்கிளைச் சரியாக இறுக்கினால் பை எங்கும் போகாது என்பவை அதன் பலங்கள். முன்வார் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தைச் சுற்றிப் போக வேண்டும். கிளட்ச் கேபிளையோ வயர்களையோ சேர்த்துக் கட்டிவிட்டால் திருப்பும்போது இழுக்கும். மீதமுள்ள வால் நுனிகளைச் சுருட்டிக் கட்டாவிட்டால் அவை காற்றில் அடித்து அடித்து பெயின்டைத் தேய்க்கும். பெட்ரோல் போட முன்வாரை அவிழ்த்துப் பையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருப்பது தொந்தரவு, அவ்வளவே. காந்தமும் வாரும் இரண்டும் உள்ள பைகளில் வாரை வெட்டி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. மேலே சொன்ன விசைகளில் பிரேக் விசைக்கும் பக்கக்காற்றுக்கும் உண்மையான பதில் வார்தான்.

பை டேங்க் மேல் நின்றுவிட்டது என்பதோடு சோதனை முடியவில்லை. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இப்படிப்பட்ட வளைவுகளில், அதுவும் எதிரே பேருந்து வந்து நிற்க நேர்ந்தால், ஹேண்டில்பாரைக் கடைசி வரைக்கும் திருப்ப வேண்டி வரும். அந்த நேரத்தில் பையின் மூலை ஹார்ன் பொத்தானை அழுத்தினால் எரிச்சலோடு போகும். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை அழுத்தினாலோ ஆக்ஸிலரேட்டர் பிடியைத் தடுத்தாலோ, மெதுவாகச் சாய்ந்து திரும்பும் வண்டி அங்கேயே விழும். ஆகவே பையை நிரப்பி, ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக முழுக்கத் திருப்பி, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிப் பையை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. விரியும் ஜிப்பைத் திறந்து முழு உயரத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெரிய பைகள் தோற்றுப்போவது இந்தச் சோதனையில்தான். மீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் பைக்கு மேலே தெரிகிறதா என்பதும் இதே சமயத்தில் பார்க்க வேண்டியது. உடம்பு அடுத்து. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற வண்டிகளில் மண் பாதையில் எழுந்து நின்று ஓட்டுவார்கள். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது பை வயிற்றில் முட்டினால் உடம்பு பின்னுக்குப் போகும், கைகள் நீண்டு விறைக்கும், கட்டுப்பாடு கெடும். இந்த விஷயத்தில் சில சென்டிமீட்டர்கள்கூடப் பெரிது. 2021இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் முன்பக்க ரேக்கையே சுருக்கி மாற்றியது; உயரமானவர்களின் முழங்கால் அதில் இடித்ததே காரணம்.

விபத்தைப் பற்றிய ஆட்சேபம் கனமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. நேருக்கு நேர் மோதும்போது ஓட்டுகிறவரின் இடுப்பு முன்னால் வழுக்கி டேங்கில் மோதுகிறது, அதனால் இடுப்பெலும்புக் கூட்டுக்கும் அடிவயிற்றுக்கும் காயம் ஏற்படுகிறது என்பது எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அந்த இடத்தில் ஒரு பையை வைப்பது ஆபத்தைக் கூட்டாதா? உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மடித்த மழைக்கோட்டும் கையுறையும் இருந்தால் அது ஒரு மெத்தைதான். ஸ்பேனர் பெட்டி, டிஸ்க் பூட்டு, மடக்கு டிரைபாடு, எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி இருந்தால் அவை வயிற்றுக்கு நேராக நிறுத்திய இரும்பு. கருவிகள் சீட்டுக்கு அடியிலோ பேனியரின் அடியிலோ போக வேண்டும். கனமானது கீழே இருக்க வேண்டும் என்ற எடைக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. கெட்டியான பொருளை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது, வண்டியிலிருந்து இறங்காமல் எடுக்க வேண்டியவை: பணப்பை, ஆர்சி மற்றும் காப்பீட்டு நகல், கண்ணாடி, விசர் துடைக்கும் துணி, மாத்திரை, பவர் பேங்க், மழைக் கையுறை, சிறிய தண்ணீர்ப் பை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் காட்ட வேண்டியிருப்பதால் சோதனைச் சாவடியில் கைக்கெட்டும் இடத்தில் போன் இருப்பதும் தேவையாகிவிட்டது. இவை அனைத்தும் 5 முதல் 8 லிட்டருக்குள் அடங்கும், எடை 3 கிலோவைத் தாண்டாது. கேமரா எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் உள்ளே பஞ்சுத் தடுப்பு வைத்த 10, 12 லிட்டர் பை நியாயமானது.

போனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பையின் மேல் உள்ள கண்ணாடித் தாள் உறை, காகித வரைபடம் வைத்துப் போன காலத்தில் உருவானது. அதில் போனை வைத்து வழி பார்ப்பது இரண்டு விதத்தில் தவறு. கண் சாலையை விட்டு ஹேண்டில்பாரைவிடவும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. வெயிலில் அந்த உறைக்குள் சூடு தேங்குகிறது. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிள் சொல்கிறது, மே மாதத்தில் திருச்சியிலோ வேலூரிலோ நிழலிலேயே வெப்பம் அதைத் தாண்டும். மறுபக்கம், ஹேண்டில்பாரில் மாட்டுவதற்கும் ஒரு விலை உண்டு: பெரிய எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தணிக்கும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021இல் வெளிப்படையாக எச்சரித்தது. வழிகாட்டத் தனியாக ஒரு மலிவான போனை மேலே மாட்டிவிட்டு, நல்ல போனைப் பைக்குள் துணிகளுக்கு நடுவே வைப்பது இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது. காந்தப் பை என்றால் போனின் திசைகாட்டி சிறிது நேரம் தடுமாறலாம்; இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கெடாது.

மழைக்கு வருவோம். 600டி, 1000டி என்று எழுதியிருப்பது நூலின் தடிமன், தண்ணீர் புகாது என்பதற்கான உறுதி அல்ல. நல்ல பூச்சு உள்ள துணியில் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை. ஜிப் வழியாகவும் தையல் துளை வழியாகவும்தான் வருகிறது. வாயை மடித்துச் சுருட்டி மூடும் பைகள் முழுக்கத் தண்ணீர் புகாதவை, ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கிளை அவிழ்த்துச் சுருளைப் பிரிக்க வேண்டும். சட்டென்று எடுப்பதற்காக வாங்கும் பைக்கு அது எதிரான குணம். கூடவே தரும் ரெயின் கவர் வேகத்தில் பலூன்போல ஊதி, பல சமயம் கழன்று பறந்துவிடுகிறது. மழை தொடங்கியபின் நின்று தேடி மாட்டுவதற்குள் பை நனைந்தும்விடுகிறது. சாதாரண ஜிப் பைக்குள் ஒரு தண்ணீர் புகாத உள்பையை எப்போதும் போட்டுவைப்பது எளிது, மலிவு. ஐப்பசி அடைமழையிலும் அது நம்பக்கூடியது. நிறம், ஒளிரும் பட்டை, பக்கத்துச் சிறு பாக்கெட்டுகள் இவை அவரவர் விருப்பம்.

லடாக்குக்கோ வடகிழக்குக்கோ பல நாள் போகிறவர்கள், எங்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும், 8 லிட்டர் எந்த மூலைக்கு என்று கேட்பார்கள். கேள்வி சரியானது, ஆனால் அந்தக் கூடுதல் இடத்தை டேங்கின் முதுகில் தேட வேண்டியதில்லை. டேங்குக்கு இரு பக்கமும் தொங்கும் இரட்டைப் பைகள் இருக்கின்றன. ஹிமாலயன் 411இல் தொழிற்சாலையிலிருந்தே வரும் முன் ரேக் அவற்றைத் தாங்குகிறது, மற்ற வண்டிகளில் கிராஷ் கார்டு தாங்கும். அதே நடு இடம், ஆனால் 30, 40 சென்டிமீட்டர் கீழே; ஹேண்டில்பாருக்கும் வயிற்றுக்கும் வழிவிட்டு. கருவிகளும் கூடுதல் எண்ணெயும் டியூபும் அங்கே போகலாம். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் காற்று போகும் பாதையை மறைக்காமலும் முழங்காலில் முட்டாமலும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விரியும் ஜிப் உள்ள பையை ஆதரிப்பவர்கள், சுருக்கிவைத்தால் சிறிது, தேவைப்பட்டால் பெரிது என்பார்கள். சுருக்கியே ஓட்டிவிட்டு, நிறுத்தியபின் ஜாக்கெட்டை உள்ளே வைக்க மட்டும் விரிப்பவர்களுக்கு அது உண்மையிலேயே வசதிதான். விரித்தபடி ஓட்டினால் காற்று, ஹேண்டில்பார், வயிறு மூன்று கணக்கும் மாறிவிடும். பாதி நிரம்பிய பெரிய பைக்குள் பொருள்கள் ஒவ்வொரு பிரேக்கிலும் இடம் மாறுவது தனித் தொல்லை.

இணையத்தில் வாங்குகிறவர்கள் பலருக்குப் பையை வண்டியில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. ஒரு அட்டைப்பெட்டியைப் பையின் நீளம், அகலம், உயரத்துக்கு வெட்டி டேங்க் மேல் ஒட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பியும் வண்டியில் உட்கார்ந்தும் நின்றும் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாம். வந்தபின் முதல் நாளே சாமான் நிரப்பி, ஊருக்குள் வேகத்தடைகள் மீதும் பிறகு நெடுஞ்சாலையிலும் ஒரு சுற்று ஓட்டி, அடியில் எங்கே உரசியிருக்கிறது என்று தூக்கிப் பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. எந்த முறையில் மாட்டியிருந்தாலும் சாப்பிடவோ டீ குடிக்கவோ நிறுத்தும் இடத்தில் பையைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் நமக்கு ஒரு நொடியில் கழல்வது திருடனுக்கும் ஒரு நொடியில் கழலும். தோளில் மாட்ட ஒரு வார் இருக்கிறதா, அதை மாட்டி நடக்கும் அளவுக்குப் பை சிறியதாக இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.